கடைசி நேரத்தில் வருமான வரிக் கணக்கு: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு தனியார் நிறுவனத்தின் சம்பளக் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கடைசித் தேதி நெருங்க நெருங்க, உடன் வேலை செய்பவர்கள், சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்க வருவார்கள். கேட்பது பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்து வைத்தேன்.

இதை எழுதியது 2025-இல்; இதில் உள்ளதெல்லாம் 2024-25 நிதியாண்டுக்கு உரியது, பிந்தைய ஆண்டுகளுக்கு வரம்புகளும் தேதிகளும் வேறு. அதாவது 2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரை வந்த வருமானம். படிவத்தில் இதற்கு மதிப்பீட்டு ஆண்டு 2025-26 என்று பெயர். இந்த இரண்டு எண்களையும் குழப்பிக்கொண்டு அவதிப்பட்டவர்கள் நிறையப் பேர், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"ஜூலை 31-தானே கடைசி தேதி? அதுதான் போய்விட்டதே?"

வழக்கமாக ஜூலை 31. இந்த ஆண்டு படிவங்களில் நிறைய மாற்றம் செய்ததால், தணிக்கை தேவைப்படாத எல்லோருக்கும் 2025 செப்டம்பர் 15 வரை நேரம் கொடுத்தார்கள். அது திங்கட்கிழமை. சனி, ஞாயிறு உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஊரில் பாதிப் பேர் நினைத்திருப்பார்கள், வரித்துறையின் இ-ஃபைலிங் தளம் திணறுவதும் அப்போதுதான். கடைசியில் ஒரே ஒரு நாள் நீட்டித்து செப்டம்பர் 16 ஆக்கினார்கள், அதனால் நீட்டிப்பார்கள் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

"எனக்கு வரியே வராது அக்கா. அப்புறம் எதற்குத் தாக்கல் செய்யணும்?"

வரி வராமல் இருப்பது வேறு, தாக்கல் செய்யத் தேவையில்லாமல் இருப்பது வேறு. புதிய வரிமுறையில் (விகிதம் குறைவு, ஆனால் பெரும்பாலான கழிவுகள் கிடையாது) 3 லட்சம் வரைதான் வரியில்லா அடிப்படை வரம்பு. அதற்கு மேல் 7 லட்சம் வரை வரி பூஜ்யமாவது 87ஏ பிரிவின் தள்ளுபடியால். சம்பளக்காரர்களுக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவும் உண்டு என்பதால் சம்பளம் 7.75 லட்சம் வரை இருந்தாலும் வரி வராது. ஆனால் அந்தத் தள்ளுபடி கிடைப்பதே கணக்கைத் தாக்கல் செய்து கேட்கும்போதுதான். வருமானம் 3 லட்சத்தைத் தாண்டினால் தாக்கல் கட்டாயம்.

3 லட்சத்துக்குக் கீழே இருந்தாலும் சிலருக்குக் கட்டாயம்தான். வெளிநாட்டுப் பயணத்துக்கு ஆண்டில் 2 லட்சத்துக்கு மேல் செலவு செய்தவர், மின்கட்டணம் 1 லட்சத்துக்கு மேல் கட்டியவர், டிடிஎஸ் (பணம் தருபவரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வரி) 25,000 அல்லது அதற்கு மேல் பிடிக்கப்பட்டவர் எல்லாம் அந்தப் பட்டியலில் வருவார்கள். மூத்த குடிமக்களுக்கு இந்த டிடிஎஸ் வரம்பு 50,000.

"என்னென்ன எடுத்து வைத்துக்கொண்டு உட்காரணும்?"

ஃபார்ம் 16 (சம்பளத்துக்கும் அதில் பிடித்த வரிக்கும் நிறுவனம் தரும் சான்று), எல்லா வங்கிக் கணக்குகளின் ஓராண்டு ஸ்டேட்மென்ட், வைப்புநிதி இருந்தால் வட்டிச் சான்று, பங்கோ மியூச்சுவல் ஃபண்டோ விற்றிருந்தால் மூலதன ஆதாய அறிக்கை. பிறகு இ-ஃபைலிங் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ள வேண்டியவை இரண்டு: 26ஏஎஸ் (உங்கள் பானில் பிடித்த, கட்டிய வரியின் பட்டியல்), ஏஐஎஸ். ஏஐஎஸ் என்பது உங்கள் பான் எண்ணுக்கு எதிரே வரித்துறையிடம் வந்து சேர்ந்திருக்கும் தகவல்களின் தொகுப்பு. பிடிஎஃப்பாக இறக்கினால் கடவுச்சொல் கேட்கும். சிறிய எழுத்தில் பான் எண், அதை ஒட்டியே பிறந்த தேதி எட்டு இலக்கத்தில், நடுவில் இடைவெளி இல்லாமல்.

கூடவே பானும் ஆதாரும் இணைந்திருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். இணைக்காத பான் செயலிழந்த நிலையில் இருக்கும், ரீஃபண்ட் வராது. ஆதாரோடு சேர்ந்த கைபேசி எண் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

"ஃபார்ம் 16-இல்தான் எல்லாம் இருக்கிறதே, அதை அப்படியே போட்டால் போதாதா?"

போதாது. ஃபார்ம் 16-க்கு உங்கள் சம்பளம் மட்டும்தான் தெரியும். நீங்கள் தெரிவித்திருந்தால் தவிர, வங்கி வட்டியோ ஈவுத்தொகையோ விற்ற யூனிட்டோ அதில் இருக்காது. ஏஐஎஸ்ஸில் அவையெல்லாம் இருக்கும். நீங்கள் தாக்கல் செய்யும் கணக்கை ஏஐஎஸ்ஸோடும் ஒப்பிடுகிறார்கள். அதனால் யார் வந்தாலும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: படிவத்தைத் திறப்பதற்கு முன் ஏஐஎஸ்ஸைத் திறந்து, அதில் உள்ள ஒவ்வொரு வரியும் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடியுங்கள். கடைசி நாளில் உட்காருபவர்கள் தாவிச் செல்வது இந்த ஒரு வேலையைத்தான். பிறகு நோட்டீஸ் வருவதும் பெரும்பாலும் இதனால்தான்.

போன வாரம் உடன் வேலை பார்க்கும் ஒரு தம்பியோடு உட்கார்ந்து பார்த்தோம். சம்பளக் கணக்கின் வட்டி 2,316 ரூபாய் என்று எழுதிக் கொண்டுவந்திருந்தார். ஏஐஎஸ்ஸில் வட்டி என்ற தலைப்பில் நான்கு வரிகள் இருந்தன. ஒன்று அவர் சொன்னது. இன்னொன்று கல்லூரிக் காலத்தில் திறந்து மறந்துபோன கணக்கில் 43 ரூபாய். மூன்றாவது, அம்மாவோடு கூட்டாக வைத்திருந்த கணக்கு. பணம் அம்மாவுடையது, ஆனால் கணக்கில் முதல் பெயர் இவருடையது, அதனால் வட்டி இவர் பானில் ஏறியிருந்தது. நான்காவதுதான் பெரியது: ஐந்தாண்டு வைப்புநிதி ஒன்றின் வட்டி 38,400. "அது முதிர்ச்சி அடையவே இல்லையே அக்கா, கைக்குப் பணமே வரவில்லையே" என்றார். வட்டி கையில் வராவிட்டாலும் ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டிருக்கிறது, வங்கியும் ஆண்டுதோறும் அதைத் தெரிவிக்கிறது. அந்தந்த ஆண்டே காட்டிவிடுவதுதான் நல்லது. முதிரும் ஆண்டில் மொத்தமாகக் காட்டினால் ஐந்து ஆண்டு வட்டியும் ஒரே ஆண்டில் சேர்ந்து மேல் விகிதத்தில் போய் விழும்.

"ஏஐஎஸ்ஸிலேயே தப்பு இருந்தால்?"

இருக்கும், ஆச்சரியமில்லை. ஒரே தொகை இரண்டு முறை ஏறியிருக்கலாம், வேறொருவர் பரிவர்த்தனை உங்கள் பானில் வந்திருக்கலாம். அந்த வரியை அழுத்தினால் கருத்துச் சொல்ல இடம் வரும்: தகவல் சரி, முழுக்கச் சரியில்லை, வேறு பானுக்கு உரியது, இரட்டிப்பு என்று தெரிவுகள் இருக்கும். பொருத்தமானதைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிட்டு, கணக்கில் உண்மையான தொகையைக் காட்டுங்கள். ஏஐஎஸ் திருத்தப்படும் வரை தாக்கலை நிறுத்திவைக்க வேண்டியதில்லை. உங்கள் தொகைக்கு ஆதாரம் கையில் இருந்தால் போதும்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. ஏஐஎஸ்ஸில் வரவில்லை என்பதற்காக ஒரு வருமானம் இல்லாமல் போய்விடாது. வீட்டு வாடகை வாங்குகிறீர்கள், அது அங்கே வரவே இல்லை என்றாலும் காட்டத்தான் வேண்டும்.

"ஐடிஆர்-1 தானே எல்லோருக்கும்?"

ஐடிஆர் என்பது கணக்குத் தாக்கல் செய்யும் படிவம், அதில் பல வகை உண்டு. பெரும்பாலான சம்பளக்காரர்களுக்கு ஐடிஆர்-1தான். மொத்த வருமானம் 50 லட்சத்துக்குள், சம்பளம் அல்லது ஓய்வூதியம், ஒரு வீடு, வட்டி போன்ற இதர வருமானம், 5,000 ரூபாய் வரை விவசாய வருமானம் என்றால் ஐடிஆர்-1. இந்த ஆண்டு ஒரு நல்ல மாற்றம்: பங்கு அல்லது பங்குசார் ஃபண்டில் நீண்டகால ஆதாயம் (ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றது) 1.25 லட்சம் வரை இருந்தாலும் ஐடிஆர்-1-லேயே காட்டலாம், அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக நஷ்டம் எதுவும் இல்லாவிட்டால்.

குறுகியகால ஆதாயம் ஒரு ரூபாய் இருந்தாலும் ஐடிஆர்-2-க்குப் போக வேண்டும். ஒரு ஃபண்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியதும் விற்பனைதான், "நான் பணம் எடுக்கவே இல்லை" என்பது இங்கே செல்லாது. பன்னாட்டு நிறுவனத்தில் வேலை செய்து அந்நிய நிறுவனப் பங்குகளை ஊதியத்தின் பகுதியாகப் பெற்றவர்கள், அவற்றை விற்காமல் வைத்திருந்தாலும் ஐடிஆர்-2-இல் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்ப வேண்டும். எஃப் அண்ட் ஓ (பங்குச் சந்தையின் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வணிகம் செய்தவர்களுக்கு அது தொழில் வருமானம், ஐடிஆர்-3.

"ஃபண்ட் விற்றதற்கு 10 சதவீதமா, 12.5 சதவீதமா? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்."

இரண்டும் சரி. விகிதம் நடு ஆண்டில் மாறியது. 2024 ஜூலை 23-க்கு முன் விற்றது நீண்டகாலம் என்றால் 10, குறுகியகாலம் என்றால் 15. அன்றும் அதற்குப் பிறகும் விற்றது 12.5, 20. பங்குசார் நீண்டகால ஆதாயத்தில் ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை. ஃபண்ட் கணக்குகளைப் பராமரிக்கும் கேம்ஸ், கேஃபின்டெக் நிறுவனங்கள் தரும் அறிக்கையைப் பார்த்து, தேதிப்படி பிரித்து நிரப்புங்கள்.

"பழைய வரிமுறையா, புதியதா? ஆபீஸில் புதியதில் பிடித்துவிட்டார்களே, இனி மாற்ற முடியுமா?"

முடியும். தொழில் வருமானம் இல்லாதவர்கள் ஒவ்வோர் ஆண்டும் தாக்கல் செய்யும்போது தேர்ந்தெடுக்கலாம். அலுவலகத்தில் சொன்னது டிடிஎஸ் பிடிப்பதற்காக மட்டும்தான். ஆனால் இதில்தான் கடைசித் தேதியின் உண்மையான கனம் இருக்கிறது: பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கடைசித் தேதிக்குள், அதாவது 2025-இல் செப்டம்பர் 16-க்குள், தாக்கல் செய்பவர்களுக்கு மட்டும். மறுநாள் செய்தால் புதியதுதான், வேறு வழியில்லை.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். ஆண்டுச் சம்பளம் 10 லட்சம். புதியதில் 75,000 கழித்தால் 9.25 லட்சம், செஸ்ஸோடு (வரியின் மேல் 4 சதவீதக் கூடுதல்) வரி 44,200. பழையதில் நிலையான கழிவு 50,000, 80சி (சேமிப்பு, ஆயுள் காப்பீடு போன்றவற்றுக்கான கழிவு) 1.5 லட்சம், வீட்டு வாடகைப் படி விலக்கு 1.6 லட்சம், மருத்துவக் காப்பீடு 25,000 என்று கழித்தால் 6.15 லட்சம், செஸ்ஸோடு வரி 36,920. வித்தியாசம் 7,280. ஒருநாள் தாமதித்தால் இந்த 7,280-ம் போகும், அதற்கு மேல் தாமதக் கட்டணமும் வரும். வாடகை வீடோ வீட்டுக் கடனோ இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் புதியதே லாபம். ஊகிக்க வேண்டாம், தளத்தில் இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

படிவத்தில் கேள்வி எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். "பழையது வேண்டுமா" என்று நேராகக் கேட்காது. புதிய வரிமுறையிலிருந்து விலகுகிறீர்களா என்று கேட்கும். பழையது வேண்டுமானால் "ஆம்". இதை மாற்றி அழுத்திவிட்டு 80சி பகுதி ஏன் திறக்கவில்லை என்று என்னைக் கூப்பிட்டவர்கள் இந்த ஆண்டு மட்டும் மூன்று பேர்.

"வாடகை ரசீதை ஆபீஸில் கொடுக்க மறந்துவிட்டேன். போச்சா?"

போகவில்லை. பழைய வரிமுறையில் தாக்கல் செய்தால் படிவத்தில் நேரடியாகக் கேட்கலாம். விலக்கு என்பது மூன்றில் எது குறைவோ அது: வாங்கிய வாடகைப் படி, கட்டிய வாடகையிலிருந்து அடிப்படைச் சம்பளத்தின் 10 சதவீதத்தைக் கழித்தது, அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம். இந்த 50 சென்னைக்கு. கோவை, மதுரை, திருச்சியில் இருப்பவர்களுக்கு 40. அகவிலைப்படி ஓய்வூதியக் கணக்கில் சேருமானால் அதையும் அடிப்படையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆண்டு படிவம் விவரங்களை விரிவாகக் கேட்கிறது. காப்பீட்டு பாலிசி எண், மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், வீட்டுக் கடன் கணக்கு எண் என்று எல்லாவற்றையும் நிரப்ப வேண்டும். தாக்கல் செய்யும் இரவில் பாலிசிப் பத்திரத்தைத் தேடி பீரோவைக் கவிழ்க்காமல் இருக்க, இவற்றை முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் 31-க்குப் பிறகு கட்டிய பிரீமியத்தை இந்த ஆண்டுக் கணக்கில் சேர்க்க முடியாது.

"ஒருத்தர் 40,000 ரூபாய் ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன், பத்து சதவீதம் கொடு என்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். அவர் செய்வது என்னவென்றால், நீங்கள் கொடுக்காத நன்கொடையையும் கட்டாத பிரீமியத்தையும் எழுதுவார். பணம் உங்கள் கணக்கில் வரும், அவர் பங்கை வாங்கிக்கொண்டு போய்விடுவார். நோட்டீஸ் வரும்போது கையெழுத்து உங்களுடையது, பான் உங்களுடையது. 2025 ஜூலையில் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் இப்படிப் பொய்க் கழிவு எழுதிக்கொடுத்தவர்களின் இடங்களில் வருமான வரித்துறை சோதனை நடத்தியது. தவறான தகவல் கொடுத்து வருமானத்தைக் குறைத்துக் காட்டினால் அபராதம் அந்த வரியில் 200 சதவீதம், வட்டி தனி.

எங்கள் வீட்டுப் பக்கம் ஓட்டுநராக வேலை பார்க்கும் ஒருவர் இப்படி மாட்டிக்கொண்டு, வந்த ரீஃபண்டைச் செலவழித்த பிறகு வட்டியோடு திருப்பிக் கட்டினார். அவர் முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அதனால்தான் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

"நடு வருஷத்தில் கம்பெனி மாறினேன். இரண்டு ஃபார்ம் 16-லும் வரி பூஜ்யம். அப்போ எனக்கு வரி இல்லைதானே?"

இது என்னிடம் வரும் கேள்விகளிலேயே அதிகம் வலிக்கவைக்கும் கேள்வி. இரண்டு நிறுவனமும் தனித்தனியாகக் கணக்குப் போட்டிருக்கும். முதல் நிறுவனத்தில் ஆறு மாதச் சம்பளம் 4.5 லட்சம். அவர்கள் 75,000 கழித்து 3.75 லட்சத்துக்குத் தள்ளுபடி கொடுத்து பூஜ்யம் என்றார்கள். இரண்டாவது நிறுவனத்தில் 6 லட்சம். அவர்களும் 75,000 கழித்து 5.25 லட்சத்துக்குத் தள்ளுபடி கொடுத்து பூஜ்யம் என்றார்கள். ஆனால் நீங்கள் ஒரே ஆள். மொத்தம் 10.5 லட்சம், கழிவு ஒரே ஒரு 75,000, மீதி 9.75 லட்சம். 3 முதல் 7 லட்சம் வரை 5 சதவீதம் 20,000, அதற்கு மேல் 10 சதவீதம் 27,500, ஆக 47,500. செஸ் 4 சதவீதம் சேர்த்து 49,400.

முன்வரி (ஆண்டுக்குள்ளேயே தவணைகளாகக் கட்ட வேண்டியது) கட்டாததற்கு 234பி பிரிவில் மாதம் 1 சதவீதம் வட்டியும் உண்டு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதத்துக்கு 2,964. தவணை தவறியதற்கு 234சி வட்டி தனி, அதைத் தளமே கணக்கிட்டுக்கொள்ளும். இனி வேலை மாறினால் பழைய சம்பள விவரத்தை ஃபார்ம் 12பி மூலம் புதிய நிறுவனத்திடம் கொடுத்துவிடுங்கள், அவர்கள் மாதாமாதம் சேர்த்துப் பிடித்துவிடுவார்கள்.

"மீதி வரியை எங்கே கட்டுவது? கட்டியது கணக்கில் தெரிய நாளாகுமா?"

தளத்திலேயே இ-பே டாக்ஸ் பகுதி இருக்கிறது. மதிப்பீட்டு ஆண்டு 2025-26, வகை சுயமதிப்பீட்டு வரி, அதன் எண் 300. ஆண்டை மாற்றிப் போட்டால் பணம் வேறோர் ஆண்டில் போய் நிற்கும், இந்த ஆண்டுக் கணக்கில் பாக்கி என்று காட்டும். கட்டியதும் வரும் சலானில் பிஎஸ்ஆர் எண் (வங்கிக் கிளையின் எண்), தேதி, சலான் எண் இருக்கும். படிவத்தில் தானாக வரவில்லை என்றால் அவற்றை நீங்களே நிரப்பலாம், 26ஏஎஸ்ஸில் ஏறும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

"அவ்வளவு பணம் இப்போ கையில் இல்லையே. பணம் வந்த பிறகு தாக்கல் செய்யட்டுமா?"

வேண்டாம். கணக்கை நேரத்தில் தாக்கல் செய்யுங்கள். வரியைப் பிறகு கட்டும் தெரிவு தளத்தில் இருக்கிறது. வரி பாக்கி வைத்தவர் என்ற நிலை வரும், வட்டி ஓடும், துறையிலிருந்து கேட்டு அறிவிப்பு வரும், அதனால் அடுத்த மாதமே கட்டிவிடப் பாருங்கள். ஆனால் தேதியைத் தவறவிட்டால் இவற்றோடு தாமதக் கட்டணமும் சேரும், பழைய வரிமுறையும் போகும்.

"சரி, தேதி தவறியே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன ஆகும்?"

இந்த ஆண்டுக் கணக்கை 2025 டிசம்பர் 31 வரை தாமதமாகத் தாக்கல் செய்ய முடிந்தது. கட்டணம் 5,000, மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000, அடிப்படை வரம்புக்குள் இருப்பவர்களுக்கு இல்லை. வரி பாக்கி இருந்தால் 234ஏ பிரிவில் மாதம் 1 சதவீதம் வட்டி, ஒருநாள் என்றாலும் முழு மாதம்.

கட்டணத்தை மட்டும் பார்த்து "ஐயாயிரம்தானே" என்கிறார்கள். பங்கில் 2 லட்சம் நஷ்டம் வந்தவர் நேரத்தில் தாக்கல் செய்தால் அதை எட்டு ஆண்டு வரை கொண்டுபோய் வரும் ஆதாயத்தில் கழிக்கலாம். தவறினால் அந்த நஷ்டத்தால் பயனே இல்லை. வீட்டுச் சொத்து நஷ்டம் மட்டும் இதற்கு விலக்கு. டிசம்பரும் போய்விட்டால் ஐடிஆர்-யு (பிற்பாடு போடும் புதுப்பித்த கணக்கு) என்ற வழி இருக்கிறது, ஆனால் அதில் கூடுதல் வரி 25 சதவீதத்தில் தொடங்கி 70 வரை போகும், ரீஃபண்டும் கேட்க முடியாது.

"சப்மிட் கொடுத்துவிட்டேன். அவ்வளவுதானே?"

இல்லை. சரிபார்ப்பு முடிந்தால்தான் தாக்கல் முடிந்தது. சமர்ப்பித்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் ஆதார் ஓடிபி, நெட் பேங்கிங், அல்லது முன்பே உறுதி செய்த வங்கிக் கணக்கு வழியாக வரும் குறியீடு, இவற்றில் ஒன்றால் சரிபாருங்கள். 30 நாள் கடந்து சரிபார்த்தால் அந்த நாள்தான் உங்கள் தாக்கல் நாள், அதாவது முந்தைய கேள்வியில் சொன்ன தாமத விளைவுகள் எல்லாம் உங்களுக்கும் வரும். ஆதாரில் பழைய கைபேசி எண் இருக்கிறதா? வங்கி வழியைப் பயன்படுத்துங்கள். எதுவும் ஓடவில்லை என்றால் ஐடிஆர்-வி என்ற ஒப்புகைத் தாளில் கையெழுத்திட்டு பெங்களூரு மையத்துக்கு விரைவு அஞ்சலில் அனுப்பலாம்.

"அனுப்பின பிறகுதான் ஒரு வட்டி விட்டுப்போனது தெரிந்தது."

இன்னும் சரிபார்க்கவில்லை என்றால் அந்தக் கணக்கை நீக்கிவிட்டு புதிதாகவே போடலாம். ஆனால் நீக்கியதைத் திரும்பக் கொண்டுவர முடியாது, புதியது கடைசித் தேதிக்குள் போகாவிட்டால் தாமதக் கணக்காகிவிடும். அதனால் கடைசி இரண்டு நாளில் நீக்க வேண்டாம். சரிபார்த்துவிட்டு, 2025 டிசம்பர் 31-க்குள் திருத்திய கணக்கு போடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம். நோட்டீஸ் வரும் வரை காத்திருக்காமல் நீங்களாகவே திருத்துவது எப்போதும் மேல்.

"சம்பளத்தில் டிடிஎஸ் பிடித்தார்கள், 26ஏஎஸ்ஸில் ஒன்றுமே இல்லை."

நிறுவனம் பிடித்ததைக் கட்டவில்லை, அல்லது கட்டிவிட்டு உங்கள் பானைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள். முதலில் அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள், டிடிஎஸ் அறிக்கையைத் திருத்தச் சொல்லுங்கள். உங்களிடம் பிடித்துவிட்ட வரியை மறுபடி உங்களிடமே கேட்கக் கூடாது என்று 205-ஆம் பிரிவு சொல்கிறது. சம்பளச் சீட்டுகளையும், சம்பளம் ஏறிய வங்கிப் பக்கங்களையும் பத்திரமாக வையுங்கள். பாக்கி என்று அறிவிப்பு வந்தால், ஒப்புக்கொள்ளவில்லை என்று அவற்றோடு பதில் போட அவைதான் வேண்டும்.

"போன வருஷ நிலுவைச் சம்பளம் மொத்தமாக வந்து வரி ஏறிவிட்டது. சலுகை உண்டு என்றார்களே?"

89-ஆம் பிரிவில் உண்டு. ஆனால் ஃபார்ம் 10இ-யைத் தளத்தில் முதலில் தாக்கல் செய்துவிட்டு, பிறகுதான் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். வரிசை மாறினால் சலுகையை மறுத்துவிடுவார்கள்.

"அப்பாவுக்கு 68 வயசு. வைப்புநிதி வட்டி மட்டும்தான். வங்கியில் 16,000 பிடித்துவிட்டார்கள். திரும்ப வருமா?"

வரும். வட்டி 1.6 லட்சம், வேறு வருமானம் இல்லை என்றால் அவருக்கு வரியே இல்லை, 16,000-ம் ரீஃபண்ட். அவர் பானில் ஐடிஆர்-1 போடுங்கள். ரீஃபண்ட் வரவேண்டிய வங்கிக் கணக்கைத் தளத்தில் முன்பே உறுதி செய்யுங்கள். பான் அட்டையில் முதலெழுத்து விரிந்தும், வங்கியில் சுருங்கியும் இருந்தால் உறுதிப்படுத்தல் தோற்கலாம், நம் ஊர்ப் பெயர்களுக்கு இது சகஜம். வங்கியில் பெயரைத் திருத்தினால் சரியாகும்.

அப்புறம், 2025-26 நிதியாண்டுக்கான ஃபார்ம் 15எச்சை (வரி பிடிக்க வேண்டாம் என்ற உறுதிமொழிப் படிவம்) வங்கியில் கொடுத்துவிடுங்கள். 2025 ஏப்ரல் முதல் மூத்த குடிமக்களுக்கு வட்டி 1 லட்சத்தைத் தாண்டினால்தான் பிடிப்பார்கள், உங்கள் அப்பாவுக்கு அதையும் தாண்டுகிறது.

"அப்பா போன நவம்பரில் தவறிவிட்டார். அவர் கணக்கை யார் போடுவது?"

நீங்கள்தான், சட்டப்படி வாரிசாக. ஏப்ரல் முதல் அவர் இருந்த நாள் வரையிலான ஓய்வூதியமும் வட்டியும் அவர் பானில் வரும். அதற்குப் பின் வந்த வட்டி, அந்தப் பணம் யாருக்குச் சேர்கிறதோ அவர் கணக்கில். அம்மாவுக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் அம்மாவின் கணக்கில், சம்பளமாக அல்ல, இதர வருமானமாக. புதிய வரிமுறையில் அதில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, எது குறைவோ அதைக் கழிக்கலாம்.

உங்கள் சொந்த லாகினிலிருந்து அப்பாவின் வாரிசாகப் பதிவு செய்ய வேண்டும். இறப்புச் சான்றிதழ், அவர் பான், வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றை ஏற்றி அனுப்பினால் துறை பார்த்து அனுமதிக்கும். அதற்குச் சில நாள் பிடிக்கும், எனவே மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதை இன்றே செய்யுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்று இன்னும் வரவில்லை, ஆனால் அப்பா அரசு ஊழியராக இருந்தவர் என்றால், அம்மா பெயருக்கு வந்த குடும்ப ஓய்வூதியச் சான்றைக் கொண்டு அம்மா பெயரிலேயே பதிவு செய்யலாம்.